கவிஞர் ஸ்காட் எங்கே போனார்? – வால்டர் ஸ்காட்டின் எழுத்து வாழ்க்கை குறித்து ஒரு விவாதம்

மருதத்திணை:

வரலாற்றுப் புனைவுக்கான இந்தப் பகுதியில் ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டுக்கென்று தனி இழை இல்லாதது நெடுநாளாக எனக்கு ஒரு குறையாகவே இருந்து வருகிறது. வரலாற்று நாவல் என்ற வடிவத்தை உலகெங்கும் பரப்பியவர் அவர் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 1805 முதல் 1814 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற கவிஞர் அவர்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? 1810-இல் வெளியான "ஏரிமங்கை" நெடுங்கவிதை முதல் ஆண்டிலேயே 20,000 படிகளுக்கு மேல் விற்றது. அரசவைக் கவிஞர் பதவி 1813-இல் அவரைத் தேடி வந்தது. அவர் அதை மறுத்து, ராபர்ட் சதேயின் பெயரைப் பரிந்துரைத்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் ஆசிரியர் பெயர் இல்லாமல் அவருடைய முதல் நாவல் "வேவர்லி" வெளிவந்தது. அதற்குப் பிறகு கவிதை படிப்படியாக ஒதுங்கி, நாவல் அவர் வாழ்க்கையை நிறைத்துக்கொண்டது.

இந்த மாற்றத்திற்கு இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்கின்றன. 1812-இல் பைரன் என்ற இளம் ஆங்கிலக் கவிஞர் புகழில் எழுந்தார், ஸ்காட் ஒதுங்கினார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. தோற்றுப்போன கவிஞர் ஒருவர் வேறு வேலை தேடிக்கொண்டதன் விளைவாகவா இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களும், ஒரு புதிய இலக்கிய வடிவமும் பிறந்தன? படித்தவர்கள் விரிவாகக் கூறினால் மகிழ்வேன்.

எழுத்தாணி:

நண்பர் மருதத்திணை நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலே அந்த ஒற்றைவரி விளக்கம் ஆட்டம் காணத் தொடங்கிவிடும்.

"வேவர்லி"யின் தொடக்க அத்தியாயங்களை ஸ்காட் 1805-ஐ ஒட்டியே எழுதிவிட்டார் என்பது அவர் தாமே பின்னாளில் முன்னுரையில் சொன்ன செய்தி. அப்போது பைரன் பதினேழு வயதுப் பையன். எழுதிய ஏழு அத்தியாயங்களையும் ஒரு நண்பரிடம் காட்டினார். அவருக்கு அவை பிடிக்கவில்லை. கவிஞர் என்று அப்போதுதான் கிடைத்திருந்த பெயரைப் பணயம் வைக்க மனமில்லாமல் கையெழுத்துப்படியை ஒதுக்கிவைத்தார். பல ஆண்டுகள் கழித்து, விருந்தாளி ஒருவருக்காகத் தூண்டில் சாமான்களைத் தேடப் போன இடத்தில், பழைய மேசை இழுப்பறையில் அந்தத் தாள்கள் அகப்பட்டன. ஆக, நாவல் ஆசை அவருக்குப் பைரனுக்கு முன்பே இருந்தது.

இன்னொரு தேதியையும் பாருங்கள். "தீவுகளின் தலைவன்" என்ற நெடுங்கவிதை 1815 ஜனவரியில் வெளிவருகிறது, அதாவது "வேவர்லி" வெற்றி பெற்ற பிறகு. கவிதையைக் கைவிட்டவர் இதை ஏன் எழுத வேண்டும்? அதன் விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று அச்சக உரிமையாளரும் பள்ளித் தோழருமான ஜேம்ஸ் பாலன்டைன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, ஸ்காட் ஒரு கணம் திகைத்து, பிறகு இது நடக்காவிட்டால் வேறொன்றைப் பார்க்கலாம் என்று கலகலப்பாகவே பதில் சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டிருந்த நாவலுக்குத் திரும்பினார் என்று அவருடைய மருமகனும் வாழ்க்கை வரலாற்றாசிரியருமான லாக்ஹார்ட் பதிவு செய்திருக்கிறார். பைரன் தம்மை விஞ்சிவிட்டார் என்று ஸ்காட்டே பலமுறை சொல்லியிருப்பது உண்மைதான். அதைக் கசப்பில்லாமல் சொல்லும் மனம் அவருக்கு இருந்தது. ஆனால் ஒருவர் பெருந்தன்மையோடு சொன்னதை அப்படியே இலக்கிய வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

லாக்ஹார்ட் எழுதியிருக்கும் இன்னொரு காட்சியும் இங்கே பொருந்தும். 1814 ஜூன் மாத மாலை ஒன்றில் எடின்பரோவில், ஸ்காட் வீட்டுப் பின்புறத்தைப் பார்த்த ஒரு வீட்டில் இளைஞர்கள் சிலர் கூடி மது அருந்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு முகம் வாடிவிட்டது. எதிர்ச் சன்னலில் ஒரு கை தெரிகிறது, அது எழுதுகிறது, ஒரு தாள் முடிந்ததும் குவியலில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறது, விளக்கு வந்த பிறகும் நிற்கவில்லை, அதைப் பார்த்தால் உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருக்கிறது என்றார் அவர். அது யாரோ குமாஸ்தாவின் கையாக இருக்கும் என்றார்கள் மற்றவர்கள். அந்தக் கை அப்போது எழுதிக்கொண்டிருந்தது "வேவர்லி"யின் கடைசிப் பகுதிகளை. இரண்டு தொகுதிகளை மூன்று வார மாலைகளில் எழுதி முடித்தார். பல ஆண்டுகளாக உள்ளே சேர்ந்திருந்தது வழி கிடைத்ததும் வெளியே வந்தது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

வில்லடி:

எழுத்தாணி ஐயா "உள்ளே சேர்ந்திருந்தது" என்று சொன்னதிலிருந்தே தொடர்கிறேன். அது எங்கிருந்து சேர்ந்தது என்று பார்த்தால் கவிஞரையும் நாவலாசிரியரையும் பிரிக்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து. இருவருக்கும் ஊற்று ஒன்றுதான்: கதைப்பாடல்.

ஸ்காட் 1771 ஆகஸ்டில் எடின்பரோவில் பிறந்தார். ஒன்றரை வயதில் வந்த நோயால், இன்று நாம் இளம்பிள்ளை வாதம் என்று சொல்லும் நோயாகவே அது இருந்திருக்க வேண்டும், வலது கால் முடங்கியது. நல்ல காற்று வேண்டுமென்று ஸ்காட்லாந்தின் தென் எல்லைப்புறத்தில், சாண்டிநோ என்ற இடத்தில் இருந்த தாத்தாவின் பண்ணைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பாறைமேல் ஸ்மெயில்ஹோம் என்ற பழைய காவல்கோபுரம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே, பாட்டியும் அத்தை ஜேனட்டும் சொன்ன மாடு கவர்ந்த கதைகளையும் எல்லைச் சண்டைகளையும் படிக்கத் தெரியாத வயதிலேயே மனப்பாடமாக வாங்கிக்கொண்டார். பின்னர் கெல்சோ ஊரில், பிஷப் பெர்சி தொகுத்த பழம்பாடல் நூலை ஒரு பெரிய மரத்தடியில் உட்கார்ந்து படித்தபோது சாப்பாட்டு வேளை போனதே தெரியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். வளரும் வயதுப் பையன் சாப்பாட்டை மறப்பது சிறிய விஷயம் அன்று!

அவருடைய முதல் பெரிய நூல் 1802-இலும் 1803-இலும் மூன்று தொகுதிகளாக வந்த "ஸ்காட்லாந்து எல்லைப்புறப் பாணர் பாடல்கள்" என்ற தொகுப்பு. இதற்காகப் பண்ணை பண்ணையாகப் போனார். உடன் உழைத்தவர்களில் முக்கியமானவர் ஜான் லெய்டன். மந்தை மேய்த்த குடும்பத்தில் பிறந்து, தம் முயற்சியாலேயே பன்மொழிப் புலவரானவர். ஒரு பழைய கதைப்பாடலின் பாதிதான் கிடைத்திருந்தது. மீதியை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டொரு நாள் கழித்து ஸ்காட் நண்பர்களோடு விருந்து முடிந்து அமர்ந்திருக்கும்போது, கப்பல் கயிறுகளில் புயல் விசில் அடிப்பது போன்ற ஓசை தொலைவில் கேட்டது. அது நெருங்க நெருங்க அறிமுகமில்லாத விருந்தினர்கள் மிரண்டார்கள். உள்ளே நுழைந்தவர் லெய்டன். காணாமற்போன பாடலை உரத்த குரலில் கைவீசிப் பாடிக்கொண்டே வந்தார். அது தெரிந்த ஒரு முதியவரைப் பார்ப்பதற்காக மட்டும் நாற்பது ஐம்பது மைல் நடந்து போய், அதே தூரம் திரும்பியும் நடந்து வந்திருந்தார்.

இந்தத் தொகுப்பில் ஸ்காட் செய்த இரண்டு காரியங்கள் நம் விவாதத்துக்கு முக்கியமானவை. ஒன்று, வேறுவேறு வடிவங்களை ஒட்டவைத்து, விட்டுப்போன இடங்களைத் தாமே எழுதி நிரப்பினார். "கின்மன்ட் வில்லி" என்ற பாடலில் பெரும்பகுதி அவர் கைவேலைதான் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். பதிப்பாசிரியர் என்ற முறையில் இது குறை. ஜேம்ஸ் ஹாக் என்ற ஆட்டிடையக் கவிஞரின் தாயார், இவை பாடுவதற்கு உண்டானவை, அச்சில் போட்டு நீர் இவற்றின் மந்திரத்தைக் கெடுத்துவிட்டீர் என்று ஸ்காட்டின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்தத் தாய் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சிதைந்த சான்றுகளுக்கு இடையே கற்பனையை இழைத்துப் பின்னும் கலையை ஸ்காட் பழகிக்கொண்டது அங்கேதான். இரண்டாவது, ஒவ்வொரு பாடலுக்கும் எழுதிய முன்னுரைகளும் குறிப்புகளும். இன்ன குடும்பத்துக்கும் இன்ன குடும்பத்துக்கும் பகை எப்படி மூண்டது, யார் வீட்டை யார் எரித்தார், கடைசியில் தூக்கில் தொங்கியவர் யார் என்று அவர் விரித்துச் சொல்லும் உரைநடையைப் படித்துவிட்டு "வேவர்லி"யை எடுத்தால் ஒரே குரலைக் கேட்கலாம்.

மருதத்திணை:

வில்லடி அவர்களுக்கு நன்றி. இருந்தாலும் என் ஐயத்தில் ஒரு பாதி தீரவில்லை. ஊற்று ஒன்றே என்றால், நாவல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன, நெடுங்கவிதைகளைப் பாடத்திட்டத்துக்கு வெளியே யாரும் தொடுவதில்லையே, அது ஏன்? கவிதைகளில் உண்மையாகவே நிற்கும் சரக்கு இருக்கிறதா?

சந்தம்:

இருக்கிறது. ஆனால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்து தேட வேண்டும்.

அவருடைய நெடுங்கவிதைகளின் வலிமை ஓட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜின் "கிறிஸ்டபெல்" கவிதை அச்சாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நண்பர் ஒருவர் அதை மனப்பாடமாகச் சொல்லக் கேட்டு, வரிக்கு நான்கு அழுத்தங்கள் விழும் அந்த நடையின் துள்ளலை 1805-இல் வந்த "கடைசிப் பாணனின் பாட்டு" நூலுக்கு எடுத்துக்கொண்டார். இதையும் அவர் காதால்தான் பெற்றார் என்பதைக் கவனியுங்கள். "மார்மியன்" (1808) நூலுக்கு, கான்ஸ்டபிள் என்ற பதிப்பாளர் ஒரு வரியும் பார்க்காமலே 1,000 கினி (அந்நாளைய பிரிட்டிஷ் பொன் நாணயம்) கொடுத்தார். 1513-ஆம் ஆண்டின் ஃபிளாடன் போர் அதில் வருகிறது. போர்க்களக் காட்சியில் குதிரைக் குளம்பொலி கேட்கும். ஆனால் கதையின் முடிச்சு, ஒரு வீரன் போலிக் கடிதம் தயாரித்த சூழ்ச்சியைச் சுற்றி இருப்பதால், செய்யுளில் அது தெளிவாக அவிழ்வதில்லை. சிக்கலான மனிதர்களையும் நீண்ட பேச்சையும் அந்தத் துள்ளு நடை தாங்காது. நெடுங்கவிதை ஸ்காட்டைக் கைவிட்ட இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அதே "மார்மிய"னில் ஒவ்வொரு காண்டத்துக்கும் முன்னால் நண்பர் ஒருவருக்கு எழுதிய செய்யுள் மடல் ஒன்று இருக்கிறது. ஸ்மெயில்ஹோம் கோபுரத்தடியில் கழிந்த பிள்ளைப் பருவத்தைப் பற்றிய மடல் ஒன்றே போதும், இவர் கவிஞரா என்ற கேள்விக்கு விடை சொல்ல.

அவருடைய மிகச் சிறந்த கவிதை எதுவென்று கேட்டால், நான் ஒரு நாவலைத்தான் கையில் எடுத்துக் கொடுப்பேன். "மிட்லோதியனின் இதயம்" (1818) நாவலில் மேட்ஜ் என்ற பித்துப் பிடித்த பெண் இறக்கும் தறுவாயில் பாடும் பாட்டு அது. பதினாறே வரிகள். மேய்சி என்ற செருக்குள்ள பெண் காட்டில் நடக்கிறாள். புதரில் ஒரு ராபின் பறவை. எனக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்கிறாள். ஆறு பேர் உன்னைத் தேவாலயத்துக்குத் தூக்கிப் போகும்போது என்கிறது பறவை. மணப்படுக்கையை யார் விரிப்பார் என்று கேட்கிறாள். குழி வெட்டும் நரைத்தலைக் கிழவன் என்கிறது. கல்லறைமேல் மின்மினி ஒளி காட்டும், கோபுரத்து ஆந்தை வரவேற்றுப் பாடும் என்பதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. விளக்கம் இல்லை, புலம்பல் இல்லை, சொன்னவர் யார் என்ற அடையாளமும் இல்லை. நூற்றாண்டுகளாக வாய்வழியாக வந்த பாட்டு என்றே எவரும் எண்ணுவார்கள். முழுவதும் ஸ்காட் எழுதியது.

அத்தியாயங்களின் தலைப்பில் அவர் போடும் மேற்கோள்களையும் சொல்ல வேண்டும். "பழம்பொருள் ஆர்வலர்" (1816) நாவலின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பழைய நாடகம் ஒன்றிலிருந்து ஒரு வரியைத் தேடச் சொன்னார். உடனிருந்த ஜான் பாலன்டைன் (ஜேம்ஸின் தம்பி) தேடித் தேடியும் கிடைக்கவில்லை. நீ தேடி எடுப்பதற்குள் நானே ஒன்று எழுதிவிடுவேன் என்று சொல்லி எழுதினார். அதுமுதல் "பழைய நாடகம்", "பழைய பாடல்" என்ற பெயரில் அவர் கட்டிய வரிகள் நாவல்களெங்கும் இருக்கின்றன. மருதத்திணை அவர்கள் தலைப்பில் கேட்ட கேள்விக்கு இதுவே என் பதில்: கவிஞர் ஸ்காட் நாவல்களுக்குள் குடியேறினார்.

வாய்தா:

நான் நீதிமன்றத்தில் தொழில் செய்பவன் என்பதால் இந்த விவாதத்தில் ஒன்று விடுபடுவதாக எனக்குத் தோன்றுகிறது. ஸ்காட் வாழ்நாள் முழுவதும் சட்டத்துறைக்காரர். தந்தையின் அலுவலகத்தில் பயிற்சி எழுத்தராகத் தொடங்கி, 1792-இல் வழக்கறிஞரானார். 1799-இல் செல்கர்க் மாவட்டத்தின் ஷெரிஃப் (மாவட்ட நீதிபதி) பொறுப்பு, 1806-இல் எடின்பரோ உச்ச உரிமையியல் மன்றத்தின் எழுத்தர் பதவி. காலையில் விடியுமுன் எழுந்து எழுதிவிட்டு, மன்றம் கூடும் காலங்களில் நீதிபதிகளுக்குக் கீழே மேசையில் அமர்ந்து வேலை பார்த்தவர் அவர். "வேவர்லி"யில் பெயர் போடாததற்கு, மன்ற எழுத்தர் ஒருவர் நாவல் எழுதுவது கௌரவக் குறைவாகக் கருதப்படுமோ என்ற தயக்கமும் ஒரு காரணம்.

ஹைலேண்ட் மலைநாட்டுக்குள் அவர் ஒருமுறை போனது, பயிற்சிக் காலத்தில், ஒரு குத்தகைக் குடும்பத்தை வெளியேற்றும் மன்ற உத்தரவை நிறைவேற்றுவதற்காகத்தான். ஸ்டெர்லிங் கோட்டையிலிருந்து ஒரு சார்ஜென்டும் ஆறு சிப்பாய்களும் பாதுகாப்புக்கு வந்தார்கள். அந்த சார்ஜென்ட் வழியெல்லாம் மலைநாட்டுக் கொள்ளைத் தலைவன் ராப் ராயைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டே வந்தார். பின்னாளில் ஏரிமங்கையின் களமான கேட்ரின் ஏரிப் பக்கத்தை அவர் கண்டது இப்படி. போய்ச் சேர்ந்தபோது அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது.

"மிட்லோதியனின் இதயம்" என்னைப் பொறுத்தவரை அவருடைய தலைசிறந்த நாவல். அதன் மையம் ஒரு சட்டம். கருவுற்றதை ஒரு பெண் யாரிடமும் சொல்லாமல் மறைத்து, பேற்றின்போது உதவியும் கோராமல் இருந்து, குழந்தை இறந்தோ காணாமலோ போனால், அவளே கொன்றதாகக் கொள்ளலாம் என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1690-இல் இயற்றிய சட்டம் அது. நாவலில் எஃபி என்ற பெண் மீது இந்தச் சட்டப்படி வழக்கு. "என்னிடம் சொன்னாள்" என்று அக்காள் ஜீனி சாட்சிக் கூண்டில் ஒரே ஒரு சொல் சொன்னால் வழக்கு உடைந்துவிடும். ஆனால் எஃபி அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஜீனி பொய் சொல்ல மறுக்கிறாள், தங்கைக்குத் தூக்குத் தண்டனை விழுகிறது. பிறகு அதே ஜீனி மன்னிப்புக் கேட்டு எடின்பரோவிலிருந்து லண்டனுக்குக் கால்நடையாகப் புறப்படுகிறாள். சாட்சியின் வாயிலிருந்து அந்தச் சொல் வருமா வராதா என்று மன்றமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிமிடத்தை, மன்றத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர்தான் இப்படி எழுத முடியும். இதற்கு மூலம் ஹெலன் வாக்கர் என்ற ஏழைப் பெண்ணின் உண்மைக் கதை. ஒரு வாசகி கடிதத்தில் எழுதி அனுப்பியது. தம் கடைசிக் காலத்தில் ஸ்காட் அந்தப் பெண்ணின் கல்லறைக்குக் கல் நாட்டினார்.

கீழவீதி:

எல்லோரும் ஒரே பக்கமாக நிற்பதால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். வரலாற்று நாவலின் தந்தை என்கிறோம், ஆனால் வரலாற்றை அவர் கையாண்ட விதம் என்னை உறுத்துகிறது. "கெனில்வொர்த்" (1821) நாவலை எடுங்கள். லெஸ்டர் பிரபுவின் மனைவி எமி ராப்சார்ட் இறந்தது 1560-இல். எலிசபெத் அரசி கெனில்வொர்த் கோட்டைக்குப் புகழ்பெற்ற வருகை தந்தது 1575-இல். இரண்டையும் ஒரே கோடையில் நடந்ததாக ஆக்கிவிட்டார். அதே நாவலில் ஷேக்ஸ்பியர் பெயர் பெற்ற நாடகாசிரியராக வருகிறார். 1575-இல் ஷேக்ஸ்பியருக்கு வயது பதினொன்று. "ஐவன்ஹோ" நாவலில், பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தின் சாக்சன்களை வென்று ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த ரிச்சர்ட் மன்னர் காலத்திலும் சாக்சன்களும் நார்மன்களும் இரண்டு தனி இனங்களாக முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை. அந்த நாவலின் செட்ரிக் என்ற பெயரே, செர்டிக் என்ற பழைய பெயரை ஸ்காட் மாற்றி எழுதியதால் பிறந்தது. வரலாற்றுப் புனைவில் இவ்வளவு சலுகை எடுக்கலாமா?

எழுத்தாணி:

கீழவீதி அவர்கள் எடுத்துக்காட்டிய அனைத்தும் சரியான தகவல்களே. ஆனால் அவர் எடுத்த நாவல்கள் இரண்டும் இங்கிலாந்தில் நடப்பவை, ஸ்காட்டுக்குப் பல நூற்றாண்டு முந்தியவை என்பதைப் பாருங்கள். இந்த இழையில் இதுவரை வந்த எல்லாப் பதிவுகளும் என்னை ஒரே முடிவுக்குக் கொண்டு வருகின்றன. பிறர் வாயிலிருந்து காதில் விழுந்த காலத்தை எழுதியபோது ஸ்காட் மாபெரும் எழுத்தாளர். நூல்களிலிருந்து திரட்டிய காலத்தை எழுதியபோது அவர் சுவையான கதைசொல்லி, அவ்வளவே.

"வேவர்லி"யின் துணைத்தலைப்பே "அறுபது ஆண்டுகளுக்கு முன்" என்பது. 1745-இல், இழந்த அரியணையை மீட்க வந்த ஸ்டூவர்ட் இளவரசர் சார்லசுக்காக எழுந்த கிளர்ச்சியில் வாளேந்தியவர்கள் ஸ்காட்டின் பிள்ளைப் பருவத்தில் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் இன்வர்நேலைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் என்ற முதியவர், வழக்கறிஞரான ஸ்காட்டின் தந்தையிடம் வழக்குகளை ஒப்படைத்திருந்தவர். பிரஸ்டன்பான்ஸ் போரில் அவர், தனியாக நின்று போராடிய எதிரிப் படை அதிகாரி ஒருவரைக் கொல்லாமல் சரணடைய வைத்துக் காப்பாற்றினார். கிளர்ச்சி முறியடிக்கப்பட்ட பிறகு அதே அதிகாரி, இவருக்கு மன்னிப்பு வாங்கித் தருவதற்காகத் தம் பதவியையே துறக்கத் துணிந்தார். "வேவர்லி"யின் கருவே இந்த நிகழ்ச்சிதான். எதிர் எதிர் அணியில் நிற்கும் இருவர் ஒருவரை ஒருவர் மனிதராகக் காணும் கணம் அது.

இதனால்தான் அவருடைய நாயகர்கள் பெரிய வீரர்களாக இல்லாமல், இரண்டு முகாம்களுக்கும் இடையே தடுமாறும் நடுத்தர மனிதர்களாக இருக்கிறார்கள். ஹங்கேரிய விமர்சகர் ஜார்ஜ் லூக்காச் வரலாற்று நாவல் பற்றிய தம் நூலில் இதையே ஸ்காட்டின் பெருங்கண்டுபிடிப்பாகக் கொண்டாடினார். அரசர்களும் தலைவர்களும் ஓரத்தில் வந்து போக, வரலாறு சாதாரண மனிதன்மேல் ஏறிச் செல்வதை நாம் காண்கிறோம். தேதிப் பிழை ஒரு நாவலின் மதிப்பைக் குறைக்கலாம். ஆனால் ஒரு சமூகம் மறைந்து இன்னொன்று வருவதை இப்படி உள்ளிருந்து காட்டிய நாவல் அதற்கு முன் எங்கே இருந்தது?

கீழவீதி:

நடுத்தர நாயகன் பற்றிய கருத்தை ஏற்கிறேன். ஆனால் ஐரோப்பா முழுவதையும் மயக்கியது "ஐவன்ஹோ" என்பதையும் மறக்க வேண்டாம். நூலிலிருந்து திரட்டியதுதான் உலகை வென்றது. அதோடு, இவ்வளவு அவசரமாக எழுதித் தள்ளியதற்குப் பணம்தான் காரணம் என்பதையும் யாராவது பேச வேண்டும்.

பேரேடு:

பணக் கதையை நான் சொல்கிறேன். கணக்குத் தெரிந்தால்தான் அது விளங்கும்.

ட்வீட் ஆற்றங்கரையில் 1811-இல் ஒரு சிறு பண்ணையை வாங்கிய ஸ்காட், அதை அபட்ஸ்ஃபோர்ட் என்ற மாளிகையாக வளர்த்துக்கொண்டே போனார். பக்கத்து நிலங்களையும் வாங்கினார். எடின்பரோவின் பழைய சிறை இடிக்கப்பட்டபோது அதன் கதவைக்கூடக் கொண்டுவந்து சுவரில் பதித்தார். இதற்கெல்லாம், எழுதாத நாவல்களுக்கு முன்பணமாகப் பதிப்பாளர் தந்த உண்டியல்கள் (குறித்த நாளில் பணம் தருவதாக எழுதிய சீட்டுகள்) செலவாயின. ஊருக்குத் தெரியாத செய்தி, பாலன்டைன் அச்சகத்தில் அவர் 1805 முதலே பங்காளி என்பது. அச்சகமும் கான்ஸ்டபிள் நிறுவனமும் ஒருவர் பேரில் ஒருவர் உண்டியல் எழுதிக்கொண்டு, அதை வங்கியில் தள்ளுபடிக்கு மாற்றி, தவணை வந்தால் புது உண்டியலால் பழையதை அடைத்து வந்தார்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போகும். லண்டனில் 1825 இறுதியில் பண நெருக்கடி வந்தது. கான்ஸ்டபிளின் லண்டன் முகவர்களான ஹர்ஸ்ட் ராபின்சன் நிறுவனம் விழுந்தது. 1826 ஜனவரியில் கான்ஸ்டபிளும் பாலன்டைனும் சாய்ந்தார்கள். பங்காளியின் பொறுப்புக்கு அந்நாளில் வரம்பு கிடையாது. ஸ்காட்டின் தலையில் ஏறத்தாழ 1,20,000 பவுன் கடன்.

திவால் கொடுத்துவிட்டு அவர் விலகியிருக்கலாம். நண்பர்கள் பண உதவிக்கும் முன்வந்தார்கள். இரண்டையும் மறுத்து, இனி எழுதும் அனைத்தும் கடன்காரர்களுக்கே என்று அறக்கட்டளைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டு மே மாதத்தில் மனைவி இறந்தார். நெப்போலியன் வாழ்க்கை வரலாறு ஒன்பது தொகுதிகளாக 1827-இல் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு பொது விருந்தில், "வேவர்லி"க்கும் அதைத் தொடர்ந்து பெயரின்றி வந்த நாவல்களுக்கும் ஆசிரியர் தாமே என்று முதன்முறையாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1829 முதல் தம் நாவல்களுக்கெல்லாம் புதிய முன்னுரையும் குறிப்பும் எழுதி, 48 சிறு தொகுதிகளாக மலிவு விலையில் கொண்டுவந்த பதிப்பு கடனில் பெரும் பங்கை அடைத்தது. 1830 இறுதியில் கடன்காரர்கள் கூடி, அவருடைய நூலகத்தையும் வீட்டுச் சாமான்களையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். பக்கவாதம் திரும்பத் திரும்பத் தாக்கியும் எழுதினார். 1832 செப்டம்பர் 21 அன்று அபட்ஸ்ஃபோர்டில் இறந்தபோது பாதிக்கு மேல் அடைந்திருந்தது. எஞ்சியதும் பின்னர் பதிப்புரிமை வருவாயால் தீர்ந்தது.

கீழவீதி அவர்களே, மாளிகை ஆசைக்காக எழுதியது உண்மை. ஆனால் "வேவர்லி", "மிட்லோதியனின் இதயம்", "ஐவன்ஹோ" எல்லாம் வீழ்ச்சிக்கு முன்பே வந்தவை. கடன் அவருடைய மிகச் சிறந்த நூல்களை உண்டாக்கவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. கடன் கொடுத்த ஒரே இலக்கியச் செல்வம், வீழ்ச்சிக்குச் சற்று முன் 1825 நவம்பரில் தொடங்கிய அவருடைய நாட்குறிப்பு. யாரையும் குறை சொல்லாமல், அழுகையை மறைக்காமல் எழுதிய அந்தக் குறிப்புகளை நான் அவருடைய எந்த நாவலுக்கும் குறைவாக மதிப்பதில்லை.

வில்லடி:

சென்னையோடு இவருக்கு உள்ள தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். மேலே பாடிக்கொண்டு நுழைந்தாரே, அந்த லெய்டன், இந்தியாவுக்குப் போக உதவி மருத்துவர் பதவி மட்டும்தான் காலியாக இருக்கிறது என்று கேட்டு, சில மாதங்களில் மருத்துவம் படித்துத் தேறி, 1803-இல் சென்னைக்கு வந்து இறங்கினார். மைசூர் நில அளவைக் குழுவோடு சுற்றினார், இந்திய மொழிகளைக் கற்றார், 1811-இல் ஜாவாவில் காய்ச்சலால் இறந்தார். "தீவுகளின் தலைவன்" கவிதையில் ஸ்காட் கதையை நிறுத்தி, தொலைதூரக் கரையில் கிடக்கும் நண்பனுக்காக இரங்கும் வரிகள் இருக்கின்றன.

"மருத்துவரின் மகள்" (1827) என்ற கதையில் ஸ்காட் தம் பாத்திரங்களைச் சென்னைக்கும் மைசூருக்கும் அனுப்புகிறார். ஹைதர் அலி அதில் பக்கிரி வேடத்தில் வருகிறார். துரோகம் செய்தவனை யானைக் காலில் இடறச் செய்கிறார். ஸ்காட் இந்தியாவைக் கண்டதில்லை. இந்தியாவிலிருந்து திரும்பிய அண்டை வீட்டு ராணுவ அதிகாரியிடம் கேட்டு எழுதினார். கதையின் ஸ்காட்லாந்துப் பகுதியில் உயிர் இருக்கிறது, சென்னைப் பகுதி அரங்கத் திரை போல நிற்கிறது. எழுத்தாணி ஐயாவின் கருத்துக்கு இதுவும் ஒரு சான்று.

அவர் விதைத்தது நம் பக்கத்திலும் முளைத்தது. "ஐவன்ஹோ"வின் தாக்கத்தை வெளிப்படையாகக் கொண்ட சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவல் "மார்த்தாண்ட வர்மா" 1891-இல் வந்தது. அதில் வரும் பத்மநாபபுரம் அரண்மனை இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

மருதத்திணை:

என் கேள்விக்கு நினைத்ததைவிட நிறைவான விடை கிடைத்தது. இப்போது முதல்முறையாக ஸ்காட்டைப் படிக்கத் தொடங்குபவர் எங்கே தொடங்குவது? எந்தப் பதிப்பு நல்லது?

சந்தம்:

"வேவர்லி"யின் முதல் அத்தியாயங்கள் மெதுவாக நகரும், பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனவே "ஓல்டு மார்ட்டாலிட்டி" அல்லது "மிட்லோதியனின் இதயம்" நாவலில் தொடங்குங்கள். நேரம் குறைவென்றால், "ரெட்காண்ட்லெட்" (1824) நாவலுக்குள் குருட்டுப் பிடில்காரர் வில்லி சொல்லும் பேய்க்கதையை மட்டும் தனியே படியுங்கள். வாய்மொழிக் கதையின் முழு வீச்சும் அதில் இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கு முதலில் தடுக்கும், வாய்விட்டுப் படித்தால் சில பக்கங்களில் பழகிவிடும்.

பதிப்பைப் பொறுத்தவரை, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் 1829-இல் தொடங்கிய அந்த 48 தொகுதிப் பதிப்பைத் தழுவியவை. ஸ்காட்டின் பிற்கால முன்னுரைகள் வேண்டுமென்றால் அவை போதும். முதலில் வெளிவந்த வடிவத்தை ஒட்டி, கையெழுத்துப்படிகளோடு ஒப்பிட்டுச் செப்பம் செய்த 30 தொகுதி எடின்பரோ பதிப்பு 1993 முதல் 2012 வரை வந்தது. அதன் பாடத்தை எடுத்துக்கொண்ட பெங்குயின் மலிவுப் பதிப்புகளும் சில நாவல்களுக்கு உண்டு. நான் வைத்திருப்பது அவையே. சொற்பட்டியலும் இணைத்திருப்பதால் வழக்குச் சொற்களுக்குத் தனியாக அகராதி தேட வேண்டியதில்லை.